யூபிகீ 5 என்எஃப்சி ரிவ்யூ: ஓடிபி மட்டும் போதும்னு இருக்கறவங்களுக்கு

ஓடிபி போட்டாச்சு, இனி அக்கவுண்ட் பத்திரம்னு நிறைய பேர் நிம்மதியா இருக்காங்க, ஆனா போலி லாகின் பேஜ் வச்சிருக்கவன் நீங்க அடிக்கிற பாஸ்வேர்டையும் அந்த ஆறு நம்பரையும் சேர்த்தே வாங்கி அதே நிமிஷம் நிஜ சைட்ல போட்டு உள்ள போயிடுவான். அதுக்காகத்தான் இந்த யூபிகீய, அதாவது லாகினுக்கு செருகற ஒரு செக்யூரிட்டி கீய, வாங்கினேன்.

பென்டிரைவ் சைஸ்தான், தட்டையா இருக்கும், சாவிக்கொத்துல மாட்டிக்கலாம், சார்ஜ் போடற வேலையே இல்ல. லாகின் பண்றப்போ செருகினா நடுவுல தங்க கலர் வட்டம் மினுக்கும், விரல வச்சா முடிஞ்சது. (அது கைரேகை ரீடர் இல்லங்க, யார் தொட்டாலும் வேலை செய்யும், தொடறதுக்கு ஒரு ஆள் இருக்கானான்னு மட்டும்தான் பாக்குது.) என்எஃப்சி (பக்கத்துல வச்சாலே வயர் இல்லாம பேசிக்கற வசதி) இருக்க போன்னா பின்னாடி ஒட்டினாப்ல வச்சா போதும்.

இதோட உண்மையான பலம் எங்கன்னா, ஒரு சைட்ல ரிஜிஸ்டர் பண்ணும்போதே அந்த டொமைனோட (சைட் அட்ரஸோட) சேர்த்து கீ உருவாகிடும், அப்புறம் ஒரே ஒரு எழுத்து மாத்தின போலி அட்ரஸ்ல நீங்க ஏமாந்து எவ்ளோ நேரம் விரல வச்சு அழுத்தினாலும் நிஜ சைட்டுக்கான பதில் அங்க போகவே போகாது. கூகுள் 2017-லயே ஊழியர்களுக்கு செக்யூரிட்டி கீ கட்டாயம் ஆக்கினாங்க, 85,000-க்கு மேல ஆளுங்க, அதுக்கப்புறம் ஃபிஷிங்ல (இப்படி போலி பேஜ் வச்சு ஏமாத்தறதுல) வேலை அக்கவுண்ட் ஒண்ணுகூட போகலன்னு 2018-ல சொன்னாங்க.

இப்போ கடுப்பான விஷயங்கள். கண்டிப்பா ரெண்டு வாங்கணும், ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இல்லாம மாட்டிப்பீங்க, ஸோ செலவு டபுள். கீக்கு வச்ச பின் நம்பர 8 தடவ தப்பா போட்டா லாக் ஆகி, ரீசெட் பண்ணா உள்ள இருக்க பாஸ்கீ (பாஸ்வேர்டுக்கு பதிலா லாகின் பண்ற டிஜிட்டல் சாவி) எல்லாம் காலி. ஃபர்ம்வேர் (கீக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட்டே பண்ண முடியாது, 2024-ல சிப்ல ஒரு ஓட்டை வெளிய வந்தப்போ ஃபர்ம்வேர் 5.7-க்கு முந்தின பழைய கீ எல்லாம் அப்படியேதான் இருக்கு, ஆனா அத வச்சு தாக்கணும்னா கீ கையில வேணும், காஸ்ட்லி மெஷினும் வேணும், நமக்கெல்லாம் அது பெரிய கவலை இல்ல. இருந்தாலும் பழைய ஸ்டாக் தலையில கட்டிடாம பாத்துக்கோங்க, பழசுல 25 பாஸ்கீதான் புடிக்கும், 5.7-ல 100.

எல்லாத்தையும் விட எரிச்சல் சைட்டுங்க மேலதான். கீ போட்ட பிறகும் எஸ்எம்எஸ் வழியா ரெக்கவரி திறந்தே கிடக்கும், சிம் ஸ்வாப் பண்றவனுக்கு (உங்க நம்பர வேற சிம்முக்கு மாத்தி எடுத்துக்கறவனுக்கு) அது போதும், வாசலப் பூட்டிட்டு கொல்லைய திறந்து போட்ட கதைதான். செட்டிங்ஸ்ல தேடிப்போய் போன் நம்பர தூக்குங்க, சில சைட்ல தூக்கவே விடமாட்டான்.

மெயில் அக்கவுண்டுக்கு முதல்ல போடுங்க, மத்த எல்லா பாஸ்வேர்ட் ரீசெட்டும் அங்கதான வருது. ரெண்டு வாங்க பட்ஜெட் இல்லன்னா போன்லயே பாஸ்கீ வச்சுக்கோங்க, இதே டொமைன் செக் ஃப்ரீயாவே கிடைக்குது.