இன்லைனா, ஃப்யூஸ் பாக்ஸா, பிரேக்கர் பேனலா? கேம்பர் வேன் வயரிங்கில் எது தேறும்

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் சிங்கும் வைத்தாயிற்று. (சீட்டைக் கழற்ற ஆர்டிஓ அனுமதி வாங்குவது தனிக்கதை.) அடுத்தது கரண்ட் வேலை. எஞ்சின் பேட்டரியைத் தொடாமல், வீட்டுப் பகுதிக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. அதிலிருந்து ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், எல்இடி விளக்கு, கூரை ஃபேன், மொபைல் சார்ஜர். இவற்றுக்கு ஃப்யூஸ் வைப்பதில் மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி இன்லைன். ஒவ்வொரு வயரின் நடுவிலும் ஒரு ஃப்யூஸ் ஹோல்டர். மூன்றிலும் செலவு குறைவு இதுதான், யாரும் செய்துவிடலாம். விளக்கும் சார்ஜரும் மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஐந்தாறு சாமான் ஆனதும் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள்: ஒரே போல்ட்டில் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) மேல் லக்காக ஆறு வயர். குண்டும் குழியுமான ரோட்டில் அந்த நட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும், அங்கேயே சூடு ஏறும். போதாததற்கு, மலிவு ஹோல்டர் மேல் 30 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதோடு வரும் வால் வயரைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழை கொஞ்சம்தான். ஃப்யூஸ் போகாது, ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகும். ராத்திரி பம்ப் நின்றால் எந்த ஹோல்டர் எந்த சீட்டுக்கு அடியில் என்று டார்ச்சோடு தவழ வேண்டும்.

இரண்டாவது, பிளேடு ஃப்யூஸ் பாக்ஸ். பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள் வருகிறது. பாக்ஸில் 6 அல்லது 12 சர்க்யூட் பிரிகிறது. என் ஓட்டு இதற்குத்தான். நெகடிவ் பஸ்பாரும் (எல்லா நெகடிவ் வயரும் வந்து சேரும் உலோகப் பட்டை) சேர்ந்தே வரும் மாடலை வாங்குங்கள். படகுகளுக்காக வரும் ப்ளூ சீ 12 சர்க்யூட் பாக்ஸ் மொத்தம் 100 ஆம்பியர், ஒரு சர்க்யூட்டுக்கு 30 ஆம்பியர் வரை தாங்கும். விலை கடிக்கும். அதே சாயலில் வருகிற மலிவு பாக்ஸ் வாங்கினால், கடையிலேயே ஒரு ஃப்யூஸைச் செருகி இழுத்துப் பாருங்கள். கவ்விப் பிடிக்க வேண்டும். லொடலொடவென்று வந்தால் வேண்டாம். வயர் சேரும் இடம் ஸ்குரூவாக இருந்தால் நல்லது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 என்று நிறத்திலேயே ஃப்யூஸ் அளவு தெரிந்துவிடும். காரில் இருக்கும் அதே ஃப்யூஸ்தான், எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும்.

ஃப்யூஸ் காப்பது ஃபிரிட்ஜை அல்ல, வயரை. ஆகவே வயரை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது, பாக்ஸிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 10 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் வழியிலேயே சுமார் 0.57 வோல்ட் போய்விடும். 4 ஸ்கொயரில் 0.22 வோல்ட்தான். பேட்டரி இறங்கும் நேரத்தில் அந்த அரை வோல்ட்டால் ஃபிரிட்ஜின் லோ-வோல்டேஜ் கட் வேலை செய்து கம்ப்ரஸர் நிற்கும். பழி ஃபிரிட்ஜ் மேல் விழும். 4 ஸ்கொயர் வயரும் 15 ஆம்பியர் ஃப்யூஸும் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, பிரேக்கர் பேனல். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் சுவிட்ச், டிரிப் ஆனால் ரீசெட். பார்க்க அழகு, தரமான படகுப் பேனல் நன்றாகவே உழைக்கும். ஆனால் விலை ஃப்யூஸ் பாக்ஸைப் போலப் பல மடங்கு, சுவரிலும் இடம் தின்னும். பம்புக்கு எப்படியும் சிங்க் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைக்கத்தான் போகிறோம். காசைக் குறைக்க வீட்டு மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கரான எம்சிபியை மாட்டுகிறவர்களும் உண்டு. ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், டிரிப் ஆகும்போது உள்ளே கிளம்பும் மின்பொறி தானே அணையும். டிசியில் அந்த வசதி இல்லை. 12 வோல்ட்டில் பொறி சின்னதுதான், ஆனாலும் டிசி மதிப்பு அச்சிடாத எம்சிபியை நம்ப வேண்டாம். ஆன்லைனில் வரும் மலிவு ரீசெட் பிரேக்கர்களும் சூடாகி முன்னாடியே டிரிப் ஆவது சகஜம்.

மூன்று கட்சியும் சண்டையில் மறப்பது மெயின் ஃப்யூஸை, அதாவது பேட்டரியிலிருந்து கிளம்பும் கேபிளின் முதல் ஃப்யூஸை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை அறுத்து நிறுத்தும் திறன் ஃப்யூஸுக்கு வேண்டும். வகைக்கு வகை அது மாறும்: மெகா ஃப்யூஸ் 2,000 ஆம்பியர் வரை அறுக்கும், தரமான ஏஎன்எல் 6,000, டெர்மினல் மேலேயே உட்காரும் எம்ஆர்பிஎஃப் 14 வோல்ட்டில் 10,000, கிளாஸ் டி (Class T) 20,000. இன்வெர்ட்டர் இல்லாத ஒற்றை 100 ஏஹெச் பேட்டரிக்கு எம்ஆர்பிஎஃப் போதும். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் ஃப்யூஸ் காவல் இல்லாத கேபிளே இருக்காது. அமெரிக்கப் படகு விதிப்படி அந்த இடைவெளி பொதுவாக 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 2,000 வாட் இன்வெர்ட்டர் ஆசை இருந்தால் கதை வேறு: 12 வோல்ட்டில் அது 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 100 ஆம்பியர் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) உள்ள ஒற்றை பேட்டரியால் முடியாது. இரண்டு பேட்டரி, கிளாஸ் டி, தனி கேபிள். அது ஃப்யூஸ் பாக்ஸ் பக்கமே போகக் கூடாது.

பாடி எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பையே வயராக்கி, நெகடிவ் எடுப்பதும் வேண்டாம். பெயிண்ட் சுரண்டி ஸ்குரூ போட்ட இடம் ரெண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். எல்லா நெகடிவும் பஸ்பாருக்கு வரட்டும், அங்கிருந்து சேஸிஸுக்கு ஒரே ஒரு கேபிள்.

பாக்ஸ் வாங்கும்போது இப்போது தேவைப்படுவதைவிட இரண்டு மூன்று சர்க்யூட் கூடுதலாக இருக்கட்டும். கொசுவலைக் கதவுக்கு ஒரு விளக்கு, இன்னொரு ஃபேன் என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். மிச்சமாகும் காசில் தடித்த கேபிள்களின் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள கடையில் அடித்து வாங்கி வாருங்கள். சுத்தியலால் அடித்த லக் வேண்டவே வேண்டாம்.