நோட்டு அழகாக இருக்கிறது, பிள்ளைக்குத்தான் படிக்க வரவில்லை

பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கரூர் பக்கம் ஒரு சின்ன நர்சரி பிரைமரி பள்ளி. எல்.கே.ஜி.யில் சேர்த்து இரண்டாம் வகுப்பு முடிய நான்கு வருடம் என் மகள் அங்கேதான் படித்தாள். வகுப்புக்கு இருபது பேர்தான், ஒவ்வொரு பிள்ளையையும் கவனிப்பார்கள் என்று நம்பிச் சேர்த்தோம்.

நோட்டைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். அடிக்கோடு, சிவப்பு மையில் டிக், பக்கத்துக்குப் பக்கம் 'குட்'. ஒருநாள் பாடத்தை வாசிக்கச் சொன்னேன், கடகடவென்று ஒப்பித்தாள். பார்த்தால் விரல் ஒரு வரியில் இருக்கிறது, வாய் வேறு வரியில் போகிறது. அந்த வரியில் ஒரு சொல்லை மட்டும் காட்டிக் கேட்டேன், விழிக்கிறாள். போர்டில் எழுதிப்போடும் கேள்வி பதிலை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான்.

மிஸ்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டாம் வகுப்பில் மட்டும் ஒரே வருடத்தில் மூன்று மிஸ் மாறினார்கள். விட்டுப்போன ஒருவர் சம்பளம் 8,000 ரூபாய் என்றார், அதுவும் மே மாதம் கிடையாதாம். புது மிஸ் கிடைக்கும்வரை ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஆயாம்மா பார்த்துக்கொண்டார். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, பூப்போட்ட துணி போர்த்தி. அதற்கும் ஃபீஸ் உண்டு, ரசீது இல்லாமல் துண்டுச் சீட்டில்! அரசின் கட்டண நிர்ணயக் குழு விதித்த தொகை எவ்வளவு என்று கேட்டால் ஆபீஸில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து கேட்டோம். தாளாளர்தான் பேசுவார், பிரின்சிபால் அவர் மனைவி, பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு இருப்பார். "வீட்டில் நீங்கள் சொல்லித்தர வேண்டாமா?" என்று ஆரம்பித்து, "பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதில் போய் முடித்தார். மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும் என்று மாற்றிவிட்டார்கள்.

சரி என்று டி.சி. கேட்டால் அடுத்த வருட முதல் டெர்ம் ஃபீஸைக் கட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். ஃபீஸ் பாக்கியே இருந்தாலும் அதைக் காட்டி டி.சி.யை நிறுத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-லேயே சொல்லிவிட்டது, எங்களுக்கோ பாக்கியே இல்லை. கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதி அதன் நகலைக் கொண்டுபோய் நீட்டினேன். பத்தே நிமிடத்தில் டி.சி. கைக்கு வந்தது.

இப்போது ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள், என் மகளை அடி நிலையான அரும்பில் வைத்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் முகமே சரியில்லை, இத்தனை பணம் கட்டியும் அரும்பா என்று. எனக்கு அந்த டீச்சர் உள்ளதைச் சொன்னதே பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு ஸ்டார் கொடுக்கிறேன், அது வேன் அண்ணனுக்கு. நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. அட்மிஷனுக்குப் போகிறவர்கள் நோட்டைக் காட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வையுங்கள், அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இன்னும் நடத்தாத பாடத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.