சோஃபாஸ்கோர்: பின்களத்தின் ஓட்டையையும் நடுகளத்தின் இளைஞரையும் இந்தச் செயலி எவ்வளவு காட்டுகிறது?

எந்தக் கால்பந்து அணியின் ரசிகர்களும் தோல்விக்குப் பிறகு கேட்கும் முதல் கேள்வி, கோல்கள் ஏன் இப்படி எளிதாக விழுகின்றன என்பது. அதற்கு அடுத்ததாக, நடுகளத்தில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் இளம் வீரரைத் தொடர்ந்து ஆட வைக்கலாமா, இன்னும் காத்திருக்க வேண்டுமா என்ற வாதம் எழும். இவ்விரண்டு வாதங்களிலும் இன்று யாராவது ஒருவர் கைபேசியைத் திறந்து ஒரு மதிப்பெண்ணைக் காட்டாமல் இருப்பதில்லை. குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் நடத்தும் சோஃபாஸ்கோர், அப்படி மிக அதிகமாகத் திறக்கப்படும் செயலிகளில் ஒன்று. நேரடி ஸ்கோர், அட்டவணை, மற்ற விளையாட்டுகள் ஆகியவற்றை அது எவ்வளவு நன்றாகத் தருகிறது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். என் அக்கறை குறுகியது: தன் அணியின் பின்களப் பலவீனத்தையும் இளம் நடுகள வீரரின் தரத்தையும் நேர்மையாக எடைபோட நினைக்கும் ரசிகருக்கு இது எந்த அளவுக்கு உதவுகிறது? என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்திலிருந்து ஷாட் அடிக்கப்பட்டது என்று காட்டும் ஷாட் வரைபடத்துக்காகவும் ஆடிய நிமிடங்களின் கணக்குக்காகவும் இச்செயலியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பின்கள வீரரைப் பற்றிய முடிவை அவருடைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது.

செயலி இலவசமாகக் கிடைக்கிறது, விளம்பரங்கள் வரும். ஒரு போட்டியைத் திறந்தால் அணிவரிசை, ஒவ்வொரு வீரருக்கும் பத்துக்கு இத்தனை என்று தசமத்துடன் ஒரு மதிப்பெண், அவர் மைதானத்தில் எங்கெங்கே ஆடினார் என்று காட்டும் வெப்ப வரைபடம், ஷாட் வரைபடம், எந்த நிமிடத்தில் எந்த அணி அழுத்தம் கொடுத்தது என்பதைக் காட்டும் தாக்குதல் வேகப் படம் ஆகியவை கிடைக்கும். வீரரின் பெயரைத் தொட்டால் அவர் செய்த டேக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது), இடைமறிப்பு, பந்தை வெளியேற்றியது, டூயல்களில் (நேருக்கு நேர் மோதல்களில்) வென்றது, டிரிபிளில் ஏமாந்தது (பந்தோடு வந்த எதிராளி அவரைக் கடந்துபோனது), ஷாட்டுக்கோ கோலுக்கோ இட்டுச் சென்ற தவறு என எல்லாமே வரிசையாக விரியும். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே இவை மாறிக்கொண்டிருப்பதால், இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் பெரும்பாலான ரசிகர்கள் தங்கள் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

சிக்கல் அந்த மதிப்பெண்ணில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் பந்தைச் சுற்றி நடக்கும் செயல்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்து, கூட்டிக் கழித்துப் பெறப்படும் எண் அது. முன்கள வீரருக்கு இம்முறை ஓரளவு பொருந்துகிறது, ஏனெனில் அவருடைய வேலையின் பெரும்பகுதி பந்தோடு முடிகிறது. பின்கள வீரரின் சிறந்த வேலையோ பல நேரங்களில் பந்து அவர் பக்கமே வராமல் இருப்பதில்தான் இருக்கிறது. எதிரணியின் நடுகள வீரர் தலையை உயர்த்திப் பார்க்கும்போது, பாஸ் போக வேண்டிய வழியில் மையப் பின்கள வீரர் ஓரிரு அடி முன்கூட்டியே நகர்ந்து நின்றுவிட்டால், அந்த பாஸ் அடிக்கப்படுவதே இல்லை. அடிக்கப்படாத பாஸை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. மாறாக, தவறான இடத்தில் நின்றதால் பதறி ஓடிவந்து சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிடும் வீரருக்கு ஒரு டேக்கிள் கணக்கில் ஏறுகிறது, மதிப்பெண்ணும் உயர்கிறது.

இந்தக் குழப்பம் செயலிகளோடு பிறந்ததும் அன்று. 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், 29 வயது பின்கள வீரர் யாப் ஸ்டாமை லாட்சியோ அணிக்கு விற்றார். அவருக்குப் பதிலாக வந்த லோரான் பிளாங்குக்கு அப்போது 35 வயது. ஸ்டாமின் டேக்கிள் எண்ணிக்கை குறைந்திருந்ததும் அந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று பின்னாளில் பேசப்பட்டது. தன் முடிவு தவறு என்று ஃபெர்குசனே பிறகு ஒப்புக்கொண்டார். ஸ்டாம் அதன் பின்னும் பல ஆண்டுகள் உயர்ந்த தரத்தில் ஆடினார். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மிலான் பின்களத்தில் நின்றார். உலகின் மிக அனுபவமுள்ள மேலாளருக்கே தடுமாற்றம் தந்த அளவுகோலை, இன்று நாம் ஒரு தசம எண்ணாகச் சுருக்கிக் கையில் வைத்திருக்கிறோம்.

மதிப்பெண் எங்கே தடம் மாறும் என்பதற்கு என் நினைவில் அழியாமல் இருக்கும் போட்டி, 2025 மே 6 அன்று சான் சீரோவில் இன்டர் மிலானும் பார்சிலோனாவும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். வழக்கமான பின்கள வீரர்கள் குண்டேயும் பால்தேயும் காயத்தால் இல்லாத நிலையில் பார்சிலோனாவின் இடது பின்களத்தில் ஜெரார்ட் மார்ட்டின் ஆடினார். இரண்டு கோல் பின்தங்கியிருந்த அணியை மீட்டெடுத்த எரிக் கார்சியாவின் கோலுக்கும் டானி ஓல்மோவின் கோலுக்கும் பந்தைக் கொடுத்தவர் அவரே. கூடுதல் நேரம் இல்லாமலேயே பார்சிலோனா இறுதிக்குச் சென்றுவிடும் என்ற நிலையில், 93ஆவது நிமிடத்தில் அவருடைய பக்கத்தில்தான் இன்டரின் டம்ஃப்ரீஸ் பந்தை வென்று உள்ளே அனுப்பினார். அசெர்பி அதைக் கோலாக்கினார். அங்கே ஃபவுல் நடந்தது என்று பார்சிலோனா வீரர்கள் முறையிட்டதும் உண்மை. கூடுதல் நேரத்தில் ஃபிராத்தேசியின் கோலோடு இன்டர் 4-3 என்று வென்றது. முதல் ஆட்டத்தின் 3-3ஐயும் சேர்த்தால் மொத்தம் 7-6. மார்ட்டினின் அந்த இரவை ஓர் எண்ணில் எழுத முடியுமா? இரண்டு அசிஸ்டுகளும் எந்தக் கணக்கிலும் பெரிய எடை பெறும். பந்தை இழந்த அந்த ஒரு நொடி, ஆட்டத்தின் பல இழப்புகளில் ஒன்றாகக் கரைந்துவிடும். ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசும் ரசிகருக்கு இரண்டுமே வேண்டும், தனித்தனியாக வேண்டும்.

அதே பருவத்தின் பார்சிலோனா இன்னொரு குறையையும் வெளிக்காட்டுகிறது. அதன் பயிற்சியாளர் ஹான்ஸி ஃபிளிக் தன் பின்கள வரிசையை மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் வரை ஏற்றி நிறுத்தினார். 2024 அக்டோபர் 26 அன்று பெர்னாபியூவில் ரியல் மாட்ரிட்டை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் மாட்ரிட் வீரர்கள் 12 முறை ஆஃப்சைடில், அதாவது பந்து அனுப்பப்படும்போதே எதிரணியின் பின்கள வரிசையைத் தாண்டி நின்ற குற்றத்தில், சிக்கினார்கள். அவற்றுள் 8 முறை சிக்கியவர் எம்பாப்பே. அந்த வரிசையை ஒன்றுபோல நகர்த்திய இனிகோ மார்ட்டினெஸும், அப்போது 17 வயதே ஆகியிருந்த பாவ் குபார்சியும் செய்த வேலை, அன்று ஆடிய எந்தத் தடுப்பாட்டத்தையும்விடச் சிறந்தது. செயலியில் அது அணிப் புள்ளிவிவரத்தில் ஆஃப்சைடு என்ற ஒற்றை வரியாக, அதுவும் எதிரணியின் கணக்கில் நிற்கிறது. நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் ஓரடி முன்நகர்வு யாருடைய பெயரிலும் எழுதப்படுவதில்லை. அந்த வரிசையில் ஒருவர் மட்டும் தாமதித்து அனைவரையும் ஆன்சைடாக்கிவிட்டாலும் அவர் பெயர் எங்கும் வராது. கடைசியில் ஓடித் துரத்தித் தோற்றவரே டிரிபிளில் ஏமாந்தவர் என்று பதிவாகிறார்.

அப்படியானால் பின்களத்தை அறிய இந்தச் செயலியில் எதைத்தான் பார்ப்பது? என் பதில், எதிரணியின் ஷாட் வரைபடம். நம்முடைய அணியின் ஷாட்டுகளைப் பார்த்து மகிழ்வதற்காகவே பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள்; அதை மறுபுறம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எக்ஸ்ஜி என்று ரசிகர்கள் சுருக்கி அழைக்கும் எதிர்பார்ப்பு கோல் மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்திலிருந்து அப்படிப்பட்ட வாய்ப்பு கோலாகும் சாத்தியத்தைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் அது சொல்கிறது. பெனால்டிக்கே 0.8க்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்தால் மற்ற எண்களின் அளவு புரியும். எதிரணி பதினைந்து ஷாட் அடித்திருந்தும் அவை எல்லாம் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து 0.03, 0.05 என்று இருந்தால், பின்களம் தன் வேலையைச் செய்திருக்கிறது. தோல்வி வேறு எங்கோ நிகழ்ந்திருக்கிறது. ஐந்தே ஷாட்டுகள், அவற்றில் மூன்று 0.4க்கு மேல் என்றால், வரிசை உயர்ந்து நின்று பின்னால் வெட்டவெளி விட்டிருக்கலாம், அல்லது பந்து நடுகளத்தில் திரும்பத் திரும்பப் பறிபோயிருக்கலாம். ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் அந்த ஷாட் கார்னரிலிருந்து வந்ததா, திறந்த ஆட்டத்தில் வந்ததா என்பதும் தெரியும். சில ஆட்டங்களைத் தொடர்ந்து இப்படிப் பார்த்தால், தூரக் கம்பத்தருகே எப்போதும் ஒருவர் தனியாக நிற்பது போன்ற நிலையான பழுதுகள் தாமாகவே வெளிப்படும். தாக்குதல் வேகப் படத்தையும் இதோடு சேர்த்துப் படித்தால், எந்த மாற்று வீரர் இறங்கிய பிறகு அணி பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதையும் கண்டுபிடிக்கலாம். பின்களத்தை அறிய நான் இச்செயலியைப் பரிந்துரைப்பது இந்த இரண்டு பக்கங்களுக்காக மட்டுமே.

விழுந்த கோல்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து வாதிடுவோருக்கு ஒன்று: 2024-25 லா லிகாவில் அத்லெட்டிகோ மாட்ரிட் 30 கோல்களை மட்டுமே வாங்கி மூன்றாம் இடம் பெற்றது, 39 கோல்களை வாங்கிய பார்சிலோனா 102 கோல்களை அடித்துப் பட்டத்தை வென்றது. பின்களத்தின் துணிவும் முன்களத்தின் கோல்களும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். ஒன்றைப் பலவீனம் என்று பிரித்தெடுத்துப் பேசுவதற்கு முன் மற்றொன்றையும் பார்த்தாக வேண்டும்.

நடுகளத்துக்கு வந்தால் செயலியின் நிலை கொஞ்சம் கலவையானது. பந்தை இழந்த எண்ணிக்கை என்ற வரி இளம் வீரருக்குப் பெரும் அநீதி செய்கிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் மட்டுமே பாஸ் கொடுத்து 95 விழுக்காடு துல்லியம் காட்டும் பத்தொன்பது வயதுக்காரர், அட்டவணையில் பழுதற்றவராகத் தெரிவார். இரண்டு வரிசைகளுக்கு நடுவே பந்தைச் செலுத்த முயன்று பத்தில் நான்கை இழப்பவர் பொறுப்பற்றவராகத் தெரிவார். ஆனால் அந்த ஆறு பாஸ்கள்தான் அணியை முன்னே கொண்டு செல்கின்றன, அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தால்தான் அவர் வளர்வார். பார்சிலோனாவின் நடுகள வீரர் பெட்ரியின் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள்: பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, எதிராளி நெருங்கும் பக்கத்துக்கு மறுபக்கம் உடலைத் திருப்பி ஏற்கும் அந்த முதல் தொடுதல் ஒரு முழு அழுத்த வரிசையையே வெட்டிவிடும். செயலியில் அது ஒரு தொடுதல், அதன் பின் ஒரு பாஸ், அவ்வளவுதான். அதே நேரத்தில் வெப்ப வரைபடம் இங்கே உண்மையான உதவி செய்கிறது. இளம் வீரர் தனக்கு ஒதுக்கிய இடத்தில் நிற்கிறாரா, பந்தைத் தேடித் தன் பின்கள வீரர்களின் காலடிக்கே இறங்கிவிடுகிறாரா என்பதை அது தெளிவாகக் காட்டும்.

பின்களத்தின் குறை என்று நாம் சொல்வது நடுகளத்தில் பிறப்பதும் உண்டு. மான்செஸ்டர் சிட்டியின் நடுகள வீரர் ரோட்ரி 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அக்டோபர் இறுதிக்கும் நவம்பருக்கும் இடையில் அந்த அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது. ஐந்தாவது, சொந்த மைதானத்தில் டாட்டனமிடம் 0-4. அந்த வாரங்களில் பின்கள வீரர்களின் மதிப்பெண்களைப் படமெடுத்துப் பகிர்ந்து அவர்களைத் திட்டியவர்கள் ஏராளம். முன்னே இருந்த தடுப்புச் சுவர் இல்லாமல் எதிர்த்தாக்குதல்கள் நேரடியாக அவர்கள்மீது வந்து விழுந்தன என்பதை எந்த வீரரின் பக்கமும் சொல்லவில்லை. பின்கள வீரரைக் குறைகூறும் முன், அவருக்கு முன்னால் ஆடியவரின் வெப்ப வரைபடத்தையும் அருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

இளம் நடுகள வீரரின் பக்கத்தில் என் கண் முதலில் போவது, பலரும் கடந்துபோகும் ஒரு பத்திக்கு: ஆடிய நிமிடங்கள். பெட்ரி 18 வயதில், 2020-21 பருவத்தில், கிளப்புக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து 73 ஆட்டங்களில் ஆடினார். யூரோ போட்டியின் சிறந்த இளம் வீரர் விருது பெற்ற கையோடு டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் சென்று வெள்ளி வென்றார். அடுத்த பருவத்தில் தொடைத் தசைக் காயங்கள் அவரை நீண்ட காலம் வெளியே உட்கார வைத்தன. பார்சிலோனாவின் இன்னொரு நடுகள வீரர் காவி 2023 நவம்பரில் 19 வயதில் முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தையே இழந்தார். அதே அணியின் மார்க் பெர்னாலுக்கு 17 வயதில், 2024 ஆகஸ்டில், முதல் அணியில் இடம்பிடித்த வேகத்திலேயே அதே வகைக் காயம் நேர்ந்தது. எல்லாக் காயங்களுக்கும் சுமைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பதின்பருவ வீரர் இத்தனை வாரங்களாக முழு ஆட்டமும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதை, அவர் ஆட்டம் மந்தமாகிவிட்டது என்று எழுதுவதற்கு முன் பார்க்க முடியும். அதற்கான எண்கள் இந்தச் செயலியில் ஒழுங்காக, போட்டிவாரியாக இருக்கின்றன.

வீரரின் பக்கத்தில் இருக்கும் ஐங்கோணப் படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தாக்குதல், நுட்பம், தந்திரம், தடுப்பு, படைப்பாற்றல் என்று ஐந்து முனைகள் இருக்கும் அந்தப் படம் இரண்டு வீரர்களை ஒப்பிட வசதியானது, பார்க்கவும் அழகானது. சில நூறு நிமிடங்களே ஆடிய இளைஞருக்கு அதை நம்பவே கூடாது; நல்ல இரண்டு ஆட்டங்கள் முழு உருவத்தையும் மாற்றிவிடும்.

இன்னொரு எல்லையையும் குறிப்பிட வேண்டும். பெரிய லீக்குகளில் கிடைக்கும் இந்த விரிவு, இளையோர் போட்டிகளுக்கும் கீழ்நிலை லீக்குகளுக்கும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கே கோல், அட்டை, மாற்று வீரர் என்ற அளவோடு பக்கம் முடிந்துவிடும். ஆகவே அடுத்த நடுகள வீரர் யார் என்று தேடும் ரசிகருக்கு, அந்த இளைஞர் முதல் அணிக்கு வந்து சேரும் நாள் வரை இச்செயலியில் பார்ப்பதற்கு அதிகம் எதுவும் இருக்காது. இளையோர் ஆட்டங்கள் ஒளிபரப்பாகும்போது உட்கார்ந்து பார்ப்பதுதான் அதுவரை இருக்கும் வழி.