380 வெள்ளி போச்சு: மடிக்கணினி கீபோர்டு பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி, மடிக்கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில் அக்கா 380 வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த காசு. ஒரு பாகம்கூட மாற்றப்படவில்லை.

அக்கா மகளின் மடிக்கணினியில் கோளாறு இதுதான்: எந்தக் கீயைத் தட்டினாலும் எழுத்து விழாது, சற்று அழுத்திப் பிடித்தால் விழும். எல்லாக் கீயும் ஒரே மாதிரி. தொழில் தெரிந்தவர் இதைக் கேட்டதுமே முதலில் ஃபில்டர் கீஸைத்தான் பார்ப்பார்; சட்டென்று தட்டிவிடுவதைக் கணக்கில் எடுக்காத விண்டோஸ் வசதி அது. வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்தினால் விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். படிக்காமல் எஸ் கொடுத்தால் அது ஆன் ஆகிவிடும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு. அங்கே அணைத்தால் வேலை முடிந்தது. காசே ஆகாது.

கடையில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் சொன்னது: "கீபோர்டு போச்சுக்கா. அப்படியே விட்டா போர்டும் போயிடும். ஒரிஜினல் சாமான் போட்டுத் தரேன், மூணு மாசம் கேரண்டி. நம்ம ஆளுங்ககிட்ட பொய் சொல்வேனா?" அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அக்கா நம்பினார். ரசீதில் 'ரிப்பேர் 380' என்று மட்டும் இருக்கிறது.

திரும்பி வந்தபோது எழுத்து ஒழுங்காக விழுந்தது; ஃபில்டர் கீஸை அணைத்திருப்பார்கள். கொஞ்ச நாளில் சில கீகள் சேர்ந்தாற்போல் செத்தன. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இந்த மாடலில் கீபோர்டை மேல்தகட்டோடு பிளாஸ்டிக் ரிவெட் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அவற்றை உடைக்காமல் மாற்றவே முடியாது. ஒரு ரிவெட்டும் உடையவில்லை. மேலே, மகள் ஒட்டிய தமிழ் எழுத்து ஸ்டிக்கர்கள் அப்படியே இருக்கின்றன, 'ழ' பாதி உரிந்தது உட்பட! புதுக் கீபோர்டுக்கு அது எப்படி வரும்?

புதிதாக நடந்தது ஒன்றுதான். கீபோர்டின் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் மெல்லிய கறுப்புத் தாழ்ப்பாளை நிமிர்த்தாமல் இழுத்து, ஒரு மூலையை உடைத்து, கேபிளைக் கோணலாகச் செருகியிருக்கிறார்கள். கீகளுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓரத்தில் ஒரு கோடு தொடர்பு விட்டால் அதிலுள்ள கீகள் மொத்தமாகப் போகும். கேபிளை நேராகச் செருகி, மேலே டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்குமோ.

கேட்கப் போனால் "தவுக்கே (முதலாளி) ஈப்போ போயிட்டாரு". அடுத்த முறை "சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றோம்". பிறகு, "உங்க வீட்டுல தண்ணி பட்டிருக்கும்". தண்ணீர் பட்ட கறை உள்ளே எங்குமில்லை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பழைய கீபோர்டைக் கொடுங்கள் என்றால் "தூக்கிப் போட்டாச்சு". 380 வெள்ளிக்கு இதுதான் மரியாதை!

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். கடைக்குப் போகுமுன் யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள்: அதுவும் மெதுவாக இருந்தால் கோளாறு செட்டிங்கில், அது ஒழுங்காக இருந்தால் உள்கீபோர்டையோ கேபிளையோ சந்தேகப்படலாம். யு, ஐ, ஓ தட்டினால் 4, 5, 6 விழுகிறதா? எழுத்துக் கீகளை எண் கீகளாக மாற்றும் நம்லாக்கை அணையுங்கள். கொடுக்கும்போது எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பாகத்தின் பெயரும் எண்ணும் ரசீதில் வேண்டும், கழற்றிய பழைய பாகம் கைக்கு வர வேண்டும் என்று காசு கட்டுமுன் சொல்லிவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அக்காவின் 380 வெள்ளிக்கு நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.