கனநீர் உலையா, ரஷ்ய உலையா, ஈனுலையா? வரத்து நின்றால் எது ஓடும்?

2047-க்குள் 100 கிகாவாட் அணுமின் திறன் என்று 2025 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு இலக்கு வைத்தது. அந்த ஆண்டில் கையில் இருந்தது 9 கிகாவாட்டுக்கும் குறைவு; நாட்டின் மின்சாரத்தில் சுமார் 3 விழுக்காடு. இலக்கை எட்டுவோமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். எந்த வகை உலையைக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, கிடைக்கும் தற்சார்பின் அளவே மாறிவிடும். போட்டியில் இருப்பவை மூன்று: 700 மெகாவாட் கனநீர் உலை, கூடங்குளத்தில் ஓடும், சாதாரண நீரைப் பயன்படுத்தும் ரஷ்ய விவிஇஆர் உலை, எரிப்பதைவிட அதிக எரிபொருளை விளைவிக்க வல்ல கல்பாக்கத்து வேக ஈனுலை. மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: வெளிநாட்டு வரத்து நின்றுபோனால் நீ எத்தனை காலம் தாங்குவாய்?

கனநீர் உலை

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யு-235 வெறும் 0.7 விழுக்காடு. சாதாரண நீர் நியூட்ரான்களை விழுங்கிவிடும் என்பதால் இவ்வளவு சொற்பத்தை வைத்துத் தொடர்வினை நடத்த முடியாது. கனநீர் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனத்த வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர்) அவற்றை அதிகம் விழுங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கிறது. அதனால் செறிவூட்டல், அதாவது யு-235-இன் பங்கைக் கூட்டும் வேலை, தேவையில்லை. அதோடு, இந்த உலையில் ஒரே பெரிய அழுத்தக் கலன் கிடையாது. 700 மெகாவாட் உலையில் 392 அழுத்தக் குழாய்கள் கிடைமட்டமாக இருக்கும். குழாய்களும் எரிபொருள் கற்றைகளும் ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் தயாராகின்றன. கனநீரும் நம்முடையதுதான். இந்த வகை உலைக்கு உதவிவந்த கனடா 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கைவிட்டுப் போனபோதும் இந்த வகை நம்மிடம் பிழைத்ததற்கு இந்தக் கட்டமைப்பும் ஒரு காரணம். 1983-இல் கல்பாக்கம் முதல் உலை இயங்கத் தொடங்கியது. 2023-இல் குஜராத்தின் காக்ராபார் மூன்றாம் உலை 700 மெகாவாட்டில் வணிக உற்பத்திக்கு வந்தது.

எரிபொருள் கணக்கைப் பார்ப்போம். 700 மெகாவாட் உலை 85 விழுக்காடு திறனில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 520 கோடி யூனிட். இதற்குத் தேவை ஏறத்தாழ 100 டன் யுரேனியம். எடையில் அதிகமாகத் தெரிந்தாலும், பருமனில் சில லாரிகளில் அடங்கிவிடும். அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்க 35 லட்சம் டன்னுக்கு மேல் எரிக்க வேண்டும். ஆகவே ஐந்தாண்டு எரிபொருளை ஒரு கிடங்கில் பூட்டி வைப்பது யுரேனியத்தில் நடக்கக்கூடிய காரியம். உண்மையான தற்சார்பு இந்தக் கையிருப்பில்தான் இருக்கிறது, சுரங்கத்தில் அல்ல. ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் ஒரு டன் பாறையில் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. 2008 வாக்கில் உள்நாட்டு யுரேனியம் போதாமல் உலைகள் ஏறக்குறைய பாதித் திறனில் ஓட வேண்டியிருந்தது.

அதன் பிறகு இறக்குமதி வழி திறந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. வெளிநாட்டு யுரேனியத்தைச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் உள்ள உலைகளில் மட்டுமே போடலாம். ராஜஸ்தான், காக்ராபார் உலைகள் அந்தப் பட்டியலில் உண்டு. கல்பாக்கமும் கர்நாடகத்தின் கைகாவும் இல்லை. அவை உள்நாட்டு யுரேனியத்தை நம்பித்தான் ஓட வேண்டும். ஒரு கணக்கில் மிச்சம் இருந்தாலும் இன்னொன்றுக்கு மாற்ற முடியாது.

பலவீனம் எங்கே? அதே குழாய்களில்தான். நியூட்ரான் தாக்குதலில் அவை நீளும், தொய்யும். டியூட்டீரியத்தை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். 2015-இலும் 2016-இலும் காக்ராபாரின் பழைய உலைகள் இரண்டிலும் குளிர்விப்புக் குழாய்கள் கசிந்தன. ஒரு கட்டத்தில் எல்லாக் குழாய்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றியாக வேண்டும். அதற்கு உலையை ஆண்டுக்கணக்கில் நிறுத்த வேண்டும். உலையின் ஆயுளைக் கணக்கிடுபவர்கள் இதைச் செலவுப் பட்டியலில் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

விவிஇஆர்

ஒரே உலையில் 1,000 மெகாவாட். பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறை நிறுத்தி எரிபொருள் மாற்றினால் போதும். நிலமும் கடற்கரையும் கிடைப்பது அரிதாக உள்ள நாட்டில் இது பெரிய வசதி. ஆனால் தடித்த எஃகு அழுத்தக் கலன் ரஷ்யாவில்தான் உருவாகிறது. உள்ளே நிற்கும் 163 அறுகோண எரிபொருள் கட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன. சுமார் 4 விழுக்காடு செறிவூட்ட, ஒரு டன்னுக்கு எட்டு டன் இயற்கை யுரேனியம் செலவாகும். ஆக, ஒரே அளவு மின்சாரத்துக்குக் கனநீர் உலையைவிட இதுதான் அதிக இயற்கை யுரேனியத்தைக் கேட்கிறது.

'வேறு நாட்டிடம் எரிபொருள் கட்டு வாங்கிக்கொள்ளலாமே' என்று சொல்பவர்கள் உக்ரைனைப் பார்க்க வேண்டும். இதே வகை உலையில் அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸின் எரிபொருளை 2005-இல் சோதிக்கத் தொடங்கினார்கள். 2012-இல் கட்டுகள் சேதமடைந்து எடுக்கப்பட்டன; வடிவமைப்பைத் திருத்தி 2015-இல்தான் மீண்டும் ஏற்றினார்கள். விற்பனையாளரை மாற்றுவது பத்தாண்டு வேலை. கட்டுவதும் வேகமில்லை: கூடங்குள ஒப்பந்தம் 1988, கட்டுமானம் 2002, வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31.

வேக ஈனுலை

தாளில் பார்த்தால் இதற்கு ஈடில்லை. மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் ஏராளம். ஆனால் தோரியம் தானாக எரியாது, நியூட்ரானை வாங்கி யு-233 ஆன பிறகே எரியும். அந்த யு-233-ஐப் பேரளவில் விளைவிக்கும் பாலமாகத்தான் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் மூன்று கட்டத் திட்டத்தில் (கனநீர் உலை, ஈனுலை, தோரிய உலை) ஈனுலை வருகிறது.

சிக்கல் ஈனுலையின் எரிபொருளான புளூட்டோனியத்தில். 500 மெகாவாட் ஈனுலையை முதல் முறை நிரப்ப ஏறத்தாழ 2 டன் வேண்டும். கனநீர் உலையில் எரிந்து முடிந்த ஒரு டன் எரிபொருளைக் கரைத்தால் கிடைப்பது நாலு கிலோவுக்குள்தான். அதாவது 500 டன்னுக்கு மேல் மறுசெயலாக்கம். ஆண்டுக்கு 100 டன் திறனுள்ள ஆலைக்கு ஐந்தாண்டு வேலை, ஒரே ஓர் உலைக்காக. எனவே கனநீர் உலைகள் பெருகாமல் ஈனுலைகள் பெருகாது.

குளிர்விப்பான் திரவ சோடியம், 1,000 டன்னுக்கு மேல். காற்று பட்டால் எரியும், நீர் பட்டால் ஹைட்ரஜனைக் கக்கும். ஜப்பானின் மோஞ்சு ஈனுலையில் 1995-இல் வெப்பமானிக் குழல் ஒன்று முறிந்து சோடியம் கசிந்தது. அந்த உலை 2010-இல் சில மாதம் சோதனையாக ஓடியதோடு சரி, 2016-இல் மூட முடிவெடுத்தார்கள். மறுபக்கம், ரஷ்யாவின் பிஎன்-600 ஈனுலை 1980 முதல் ஓடுகிறது. ஆகவே முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. கல்பாக்கத்து ஈனுலையை 2004-இல் தொடங்கி 2010-இல் முடிப்பதாக இருந்தது; எரிபொருள் ஏற்றும் சடங்கே 2024 மார்ச்சில்தான் நடந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் எரிசக்தி இறக்குமதியில் பெரும் பங்கு கச்சா எண்ணெய்க்குப் போகிறது. அணுமின்சாரம் இடம்பெயர்ப்பது நிலக்கரியை. அதில் பெரும்பகுதி நம் மண்ணிலேயே தோண்டுவது. வாகனங்களும் அடுப்பும் மின்சாரத்துக்கு மாறாதவரை எந்த உலையும் எண்ணெய்க் கப்பலை நிறுத்தாது.

பணம் ஒரு வகைக்குத்தான் என்றால், 700 மெகாவாட் கனநீர் உலைகளை ஒரே வரைபடத்தில் வரிசையாகக் கட்டுவதற்கும், ஐந்தாண்டு யுரேனியக் கையிருப்புக்கும் கொடுக்கலாம். 2017-இல் ஒரே நேரத்தில் பத்து உலைகளுக்கு ஒப்புதல் தந்தது சரியான திசை. கூடங்குளத்தில் தொடங்கியவற்றை முடிக்கலாம். எரிபொருள் கட்டுகளை உள்நாட்டில் செய்யும் உரிமை கிடைக்காமல் அடுத்த ரஷ்ய உலைத் தளத்துக்குக் கையெழுத்திட அவசரமில்லை. ஈனுலையில் இரண்டாவது, மூன்றாவதைத் தொடங்கும் முன் மறுசெயலாக்க ஆலைகளைப் பெரிதாக்க வேண்டும்.