மறுநாள் காலையிலேயே எடுத்த சிறுநீர்க் குழாய்: சென்னையில் ஒரு மூட்டு மாற்று வார்டு

கடந்த மாதம் என் அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு வயது 71. சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள்கள் தங்கினோம். குறையும் சொல்லப்போவதால் அதன் பெயரை எழுதவில்லை. டாக்டரின் கைத்திறனை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. கேன்டீன் இட்லியும் வண்டி நிறுத்துமிடமும் மற்ற மருத்துவமனைகளில் உள்ளபடிதான். அம்மாவுக்குப் பொருத்தியிருந்த சிறுநீர்க் குழாயை, வார்டில் எல்லோரும் யூரின் டியூப் என்று சொல்லும் அந்தக் கதீட்டரை, அவர்கள் கையாண்ட விதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இதில் இத்தனை அக்கறை வரக் காரணம் அப்பா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து வேறொரு மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, தியேட்டரில் போட்ட குழாய் ஆறு நாள்கள் அப்படியே இருந்தது. அது எதற்காக இன்னும் இருக்கிறது என்று நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. காலைச் சுற்றில் வந்த டாக்டர்கள் கட்டைப் பார்த்தார்கள், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். போர்வைக்குள் இருந்த குழாய் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் நாள் இரவு நினைவு தடுமாறி அப்பா அதைப் பிடித்து இழுத்துப் பிடுங்கப் பார்த்தார். குழாய் நழுவாமலிருக்க அதன் நுனியில் நீர் நிரப்பிய சிறு பலூன் உண்டு என்பதும், அதோடு சேர்த்து இழுத்தால் ரத்தம் வரும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. கல்ச்சர் பரிசோதனையில் தெரிந்த கிருமி வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத வகை என்பதால், நரம்பு வழியாக மருந்து செலுத்திக்கொண்டு மேலும் எட்டு நாள்கள் அங்கேயே கிடந்தார்.

அவருக்கு நேர்ந்தது அபூர்வமான விபத்து அன்று. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கிருமிகள் குழாயின் சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்வதால் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தொடர்ந்து வைத்திருக்கத் தக்க காரணம் இல்லையென்றால், அறுவை சிகிச்சைக்குப் பின் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் குழாயை எடுத்துவிடச் சொல்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்வது குறித்து 2012இல் நம் ஊரில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட அறிக்கைக்கே சென்னை பிரகடனம் என்றுதான் பெயர். அப்படியிருந்தும் அப்பாவின் கட்டிலருகே ஆறு நாள்கள் அந்தப் பை தொங்கியது.

இந்த முறை நான் முதலில் கவனித்தது கட்டிலுக்கு மேலே இருந்த வெள்ளைப் பலகையை. குழாய் போட்ட தேதியும் நேரமும் அதில் எழுதப்பட்டிருந்தன. பை தரையைத் தொடாமல், ஆனால் கட்டில் மட்டத்துக்குக் கீழே தொங்கியது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது வார்டு பாய் அதை அம்மாவின் வயிற்றின்மீது வைக்கப்போக, சிறுநீர் திரும்ப உள்ளே போகும் என்று சொல்லி சிஸ்டர் கையில் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர் ஒரு படிவத்துடன் வந்தார். சிறுநீர்ப்பையில் அறுவை சிகிச்சை நடந்ததா, மணிக்கணக்கில் சிறுநீரை அளக்கவேண்டிய நிலையா, முன்பே அடைப்பு இருந்ததா என்று வரிசையாகப் பார்த்தார். எதற்கும் ஆம் என்ற பதில் இல்லாததால், டாக்டரின் சுற்றுக்காகக் காத்திராமல், பலூன் நீரை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாயை உருவிவிட்டார். டாக்டர் முன்கூட்டியே கையெழுத்திட்ட நெறிமுறை இருப்பதால் சிஸ்டரே முடிவெடுக்க முடிகிறது. என் பார்வையில் இந்த மருத்துவமனையின் மிகச் சிறந்த அம்சம் இதுவே.

வேடிக்கை என்னவென்றால், குழாயை எடுக்க வேண்டாம் என்று கெஞ்சியவர் அம்மாதான். "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் சிஸ்டர், இந்தக் காலை வெச்சுக்கிட்டு பாத்ரூம் எப்படிப் போவேன்?" என்றார். உண்மையைச் சொன்னால், இன்னும் ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கலாமே என்று எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. "போறதுக்காக எழுந்தாத்தான் பாட்டி கால் மடங்கும்" என்று சிஸ்டர் சிரித்தார். பத்து மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு வந்தபோது, இழுத்துச் செல்லக் குழாயோ பையோ இல்லாதது எத்தனை பெரிய வசதி என்று புரிந்தது.

முதுகில் போடும் மயக்க ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் பிரியாமல் கட்டிக்கொள்வதுண்டு. அதற்காக, ஆறு மணி நேரத்துக்குள் போகாவிட்டால் அழைக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா நான்கு மணி நேரத்தில் போய்விட்டார். பிறகு அடிவயிற்றின்மீது சிறு ஸ்கேன் கருவியை வைத்து, உள்ளே மிச்சம் 80 மில்லி என்று பார்த்துச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் அம்மையாருக்கு மிச்சம் அதிகமாக இருந்தது. மெல்லிய குழாய் ஒன்றால் ஒருமுறை வடித்துவிட்டு உடனே எடுத்துவிட்டார்களே தவிர, மீண்டும் நிரந்தரமாகப் போட்டுவைக்கவில்லை.

இனி குறை. குழாயை எடுத்துவிட்டால் நோயாளியைத் தாங்கி அழைத்துப்போக ஆள் வேண்டும். பகலில் இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். இரவில் அந்தத் தளம் முழுவதற்கும் ஒருவர்தான். இரண்டாம் இரவு இரண்டு மணிக்கு மணியை அழுத்தியும் இருபத்தைந்து நிமிடங்கள் யாரும் வரவில்லை. தனியாக நான் தூக்கினால் கால் பிசகிவிடுமோ என்ற பயத்தில் காத்திருந்ததில் படுக்கை நனைந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மகன் முன்னால் அழுதார். அப்பாவின் மருத்துவமனையில் குழாய் ஆறு நாள்கள் இருந்ததன் காரணமும் இதுவாகவே இருக்கும் என்று அப்போது தோன்றியது: ஆள் குறைவான இடத்தில் குழாய்தான் இரவுப் பணியாளர். காலையில் நர்சிங் மேற்பார்வையாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். மறுப்புச் சொல்லாமல், அன்று மாலையே கட்டிலருகே கமோடு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அதற்கு வாடகையாக பில்லில் ஒரு வரி சேர்ந்திருந்ததை டிஸ்சார்ஜ் அன்று கண்டேன்.

அம்மாவுக்கு இடது முழங்கால் இன்னும் பாக்கி. அதற்கும் இதே மருத்துவமனைக்குத்தான் போகிறோம். ஆனால் இரவில் எத்தனை ஆயாக்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுவேன்.