அயனி மீட்டர் கணினியோடு பேச மூன்று வழிகள்

தர்மபுரிப் பக்கம் போர் தண்ணீர் என்றதுமே ஃபுளோரைடு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நண்பரின் சின்னத் தண்ணீர் லேபில் இதை அளக்கும் அயனி மீட்டரின் பின்புறம் ஒன்பது பின் சீரியல் போர்ட் சும்மா கிடந்தது. அவரோ ரீடிங்கை நோட்டில் எழுதி, அப்புறம் எக்செலில் அடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் போட்டது கீபோர்டு வெட்ஜ், அதாவது மீட்டர் அனுப்பும் எண்ணைக் கீபோர்டில் தட்டியதுபோல் கணினிக்குக் கொடுக்கும் மென்பொருள். மீட்டரில் பிரின்ட் பட்டனை அழுத்தினால் எண் கர்சர் நிற்கும் இடத்தில் விழும், என்டரும் அதுவே தட்டும். பத்து நிமிட வேலை. ஆனால் கர்சர் எங்கே நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஒருநாள் 1.42 என்ற ரிசல்ட் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்புக்குப் போய்விட்டது. "தக்காளி இவ்வளவு இறங்கிடுச்சா மாப்ளே?" என்று மாமனார் கேட்டிருந்தார்.

அடுத்தது லேப்வியூ, கருவிகளைக் கணினியிலிருந்து இயக்கும் மென்பொருள். 1986-இல் மேக் கணினிக்கு வந்தது. நிரல் எழுத வேண்டாம், பெட்டிகளை வயரால் இணைத்தால் போதும். பத்துப் பதினைந்து கருவிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் இடத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இலவசப் பதிப்பும் உண்டு, ஆனால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கட்டணம் வாங்கும் லேபுக்கு அது ஆகாது. ஒரே மீட்டருக்காகக் காசு கொடுத்து வாங்குவது கொசுவுக்குப் பீரங்கி.

என் ஓட்டு பைதான் நிரல்மொழிக்கு, அதில் சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் நூலகத்துக்கு. செலவில்லை என்பதைவிடப் பெரிய காரணம், அதற்குக் காத்திருக்கத் தெரியும். தண்ணீரில் முக்கும் ஃபுளோரைடு எலக்ட்ரோடின் ரீடிங் உடனே நிலைக்காது, அளவு குறையக் குறைய இன்னும் நேரமெடுக்கும். 25 டிகிரியில் செறிவு பத்து மடங்கு மாறினால் எலக்ட்ரோடு தரும் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட்தான் மாறும். அதாவது 1 மில்லிவோல்ட் பிசகினால் விடையில் 4 சதவீதம் போச்சு. வெட்ஜில் ஆள் அவசரப்பட்டு பட்டனை அழுத்திவிடுவார். பைதானில் நொடிக்கு ஒரு ரீடிங் வாங்கி, கடைசி முப்பதும் 0.2 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் மட்டும் பதியச் சொன்னேன். மூல மில்லிவோல்ட்டும் கோப்பில் இருப்பதால், காலிபரேஷன் தவறினால் பாட்டிலைத் திரும்பத் தேட வேண்டாம், கணக்கை மட்டும் திருப்பிப் போடலாம். குறை ஒன்றுதான்: எதுவும் கெட்டால் எனக்குத்தான் போன் வரும்.

எதை எடுத்தாலும் கேபிள் பாடு ஒன்றே. தரவு அனுப்பும் வேகம் மீட்டரில் 9600, கணினியில் 2400 என்றிருந்தால் திரையில் கிறுக்கல்தான் வரும். எதுவுமே வராவிட்டால், தரவை அனுப்பவும் வாங்கவும் உள்ள 2, 3 பின்கள் குறுக்கே மாற வேண்டியதாக இருக்கலாம். யுஎஸ்பி கன்வர்ட்டரை வேறு ஓட்டையில் செருகினால் கணினி அந்தப் போர்ட்டுக்கு வைத்த பெயர் காம் 3 என்பது காம் 7 ஆகிவிடும். முதல் நாள் முழுக்க இதிலேயே போனது.

லேபில் இருக்கும் தராசுக்கு மட்டும் இன்றும் வெட்ஜ்தான். வாட்ஸ்ஆப்பை அந்தக் கணினியிலிருந்து எடுத்தாயிற்று.